சுருட்டுக்காரரின் இடது பூட்ஸ்

அருங்காட்சியகத்தில் அவரைச் சாவி என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. இடுப்பில் பெரிய இரும்பு வளையம், அதில் நாற்பத்தேழு சாவிகள். ஆள் வருவதற்கு முன்னால் சத்தம் வந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே, இது ஆயுத அறை, இது நாணய அலமாரி, இது யாரும் திறக்காத மூன்றாவது பரண் என்று சொல்லிவிடுவார். முப்பத்தோரு வருடத்தை அந்தக் கட்டடத்தின் பின்பக்கத்தில், பொதுமக்கள் கால் வைக்காத சேமிப்பறைகளில் கழித்த மனிதர். வெயில் படாமலே தலை நரைத்துப்போனது.

குடி கிடையாது, புகை கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. அவருக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம் சுத்தம். மற்றவர்களுக்கு அது நல்ல பழக்கமாக இருக்கலாம், சாவிக்கு அது வியாதி. மனைவி கழுவிக் கவிழ்த்த தட்டை எடுத்து இன்னொரு தடவை கழுவுவார். அடுத்தவர் சட்டையில் ஒட்டியிருக்கும் நூலைப் பேச்சுக்கு நடுவில் கேட்காமலே எடுத்துப் போடுவார். அவருடைய கல்யாண போட்டோவில் எல்லோரும் கேமராவைப் பார்த்துக்கொண்டிருக்க, மாப்பிள்ளை மட்டும் பெண்ணின் தோளில் இருந்த தூசியைப் பார்த்துக்கொண்டிருப்பார். இதைச் சொல்லிச் சொல்லி வீட்டில் சிரிப்பார்கள். அந்தத் துடைக்கிற கைதான் ஒரு நாள் குடியைக் கெடுக்கப் போகிறது என்று சிரித்தவர்களில் யாருக்குத் தெரியும்?

சாவி வேலைக்குச் சேர்ந்தபோது சேமிப்பறைக்கு ஒரு பெரியவர் பொறுப்பாக இருந்தார். பொருள்களைப் பூச்சி அரிக்காமல் காப்பது அவர் வேலை. மருந்துக்காரர் என்று பெயர். பஞ்சடைத்த பறவையோ தோல் கேடயமோ பழைய உடுப்போ, எது வந்தாலும் அதன் இண்டு இடுக்கெல்லாம் ஒரு வெள்ளைத் தூளை அடித்துவிடுவார். அந்தத் தூள் பாஷாணம். பூச்சி சாகும், பொருள் பிழைக்கும். மனிதன் தொட்டுக்கொண்டே இருந்தால் அவனுக்கும் பூச்சியின் கதிதான். என்ன, கொஞ்சம் மெதுவாக நடக்கும். அதனால் தூள் அடித்த ஒவ்வொரு பொருளின் அடியிலும், பார்வையாளர் கண்ணில் படாத இடமாகப் பார்த்து, சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு பச்சைப் புள்ளி வைத்துவிடுவார்.

"பதிவேட்டுல எழுதி வைக்க மாட்டீங்களா?" என்று புதிதாக வந்த சாவி கேட்டார்.

"பதிவேடு ஒரு பக்கம் கிடக்கும், பொருள் ஒரு பக்கம் கிடக்கும். தீப்பிடிச்சா முதல்ல எரியறது பேப்பர்தான். புள்ளி அப்படியில்லப்பா. பொருள் எங்க போனாலும் கூடவே போகும்."

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. எதைத் தொடுவதற்கு முன்னாலும் திருப்பிப் பார், பச்சை இருந்தால் கையுறையும் முகமூடியும், இல்லையென்றால் பயமில்லை. அந்த இடத்தின் சட்டமே அதுதான். அதை யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை. மருந்துக்காரர் நாலாவது வருடம் போய்ச் சேர்ந்தார். கடைசி மாதங்களில் அவர் விரல் நகங்களில் குறுக்கே வெள்ளை வெள்ளையாகக் கோடு விழுந்திருந்ததைச் சாவி பார்த்தார். வயதானால் அப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

சுருட்டுக்காரர் அந்த மருந்துக்காரரின் காலத்தில் வந்தவர். ஒரு பொம்மை நாடகக் குழு கலைந்தபோது அவர்களுடைய மரப்பெட்டி ஒன்று அருங்காட்சியகத்துக்கு வந்தது. அதற்குள் படுத்திருந்தார். மூன்றடி உயரம். கையால் செதுக்கிய மரத்தலை, குதிரை முடியில் மீசை, கறுப்பு வெல்வெட் கோட்டு, காலில் நிஜத் தோலில் தைத்த குட்டி பூட்ஸ். மொத்தம் பதினொரு நூல்கள். செய்தவன் யாரென்று தெரியாது, ஆனால் குறும்புக்காரன் என்பது மட்டும் நிச்சயம். இடது புருவத்துக்கென்றே தனியாக ஒரு நூல் கட்டியிருந்தான். வாயில் ஒரு சுருட்டு. அதிலிருந்து ஒரு பித்தளைக் குழாய் குடைந்த தலைக்குள் போய் முதுகு வழியாக வெளியே வரும். மேலே நின்று ஆட்டுகிறவர் அதில் ரப்பர் குழாயைச் செருகி ஊதினால், கீழே பொம்மை புகை விடும். அதன் கண்ணாடிக் கண்கள் எந்தப் பக்கம் போனாலும் நம்மையே பார்க்கின்றன என்று பார்த்தவர்கள் சொல்லுவார்கள். சாவிக்கு அப்படியெல்லாம் தோன்றியதில்லை. அவர் கண்ணுக்குப் பட்டது மீசையில் இருந்த தூசி.

இருபத்தேழு வருடம் பொம்மை பெட்டிக்குள்ளேயே கிடந்தது. அப்புறம் ஒரு புதிய இயக்குநர் வந்தார். கூட்டம் வர வேண்டும் என்பது ஒன்றுதான் அவர் கவலை. பரண் பரணாக ஏறிப் பார்த்துவிட்டு, சுருட்டுக்காரரைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"சாவி, இவரை நடுக்கூடத்துல நிறுத்துவோம். கண்ணாடிப் பெட்டி. தரையில முகம் பாக்கிற கண்ணாடி பதிச்சிடலாம். பூட்ஸோட அடிவரைக்கும் தெரியணும், என்ன?"

அடிவரைக்கும் தெரிய வேண்டும் என்றால் அடிவரைக்கும் சுத்தமாக இருக்க வேண்டும் அல்லவா? சாவி கையுறை போட்டுக்கொண்டு பொம்மையை மேசையில் குப்புறப் படுக்கவைத்தார். பூட்ஸின் அடியைப் பார்த்ததும் முகம் சுளித்தார். நாடகக்காரர்கள் திரைகளுக்குச் சாயம் அடித்த கொட்டகையிலேயே பொம்மைகளையும் நிறுத்தியிருப்பார்கள் போல. சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று அடியெல்லாம் தெறித்திருந்தது. இடது பூட்ஸின் குதிகாலில் ஒரு பச்சை, மற்றவற்றைவிடக் கொஞ்சம் வட்டமாக இருந்தது.

சாவியின் கை ஒரு நொடி நின்றது. பிற்பாடு அந்த ஒரு நொடியை அவர் ஆயிரம் தடவை எடுத்துப் பார்த்தாயிற்று. நின்றது நிஜம். பக்கத்திலேயே அதே பச்சையில் இன்னும் மூன்று தெறிப்புகள் இருந்ததும் நிஜம். இதுவும் சாயம்தான் என்று மனது சொன்னது. கண்ணாடியில் இந்த அசிங்கமெல்லாம் தெரியுமே என்று கை சொன்னது. துணியைச் சாயம் கரைக்கிற டர்பன்டைனில் நனைத்துத் தேய்த்தார். நாலு நிமிடத்தில் எல்லா நிறமும் போய்விட்டது.

"பூட்ஸ் இன்னிக்குத் தச்ச மாதிரி இருக்கே!" என்று இயக்குநர் தோளில் தட்டினார். அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் சாவிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

கோட்டின் கைப்பக்கம் கிழிந்திருந்தது. நூல்களும் இற்றுப்போயிருந்தன. கை சுத்தமான தையல் ஆள் யாராவது உண்டா என்று இயக்குநர் கேட்டபோது, "என் வீட்டுக்காரி இருக்கா சார்" என்று முந்திக்கொண்டு சொன்னவர் சாவிதான். யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை.

அவர் மனைவி தையல்காரி, வீட்டு முன்னறையிலேயே மெஷின் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தவள். சாவி நாள் முழுக்க நாலு வார்த்தை பேசினால், அவள் நாலு நாளுக்கும் சேர்த்துப் பேசுவாள். துணி கொடுக்க வந்தவர்கள் துணியை மறந்துவிட்டுச் சிரித்துக்கொண்டு திரும்பிப் போனதுண்டு. வாய்க்கு இன்னொரு வேலையும் இருந்தது. நூல் முனையை நாக்கில் நனைத்துத்தான் ஊசியில் கோப்பாள். குண்டூசிகளை உதட்டில் கவ்வியிருப்பாள். கத்தரி பக்கத்திலேயே கிடந்தாலும் நூலைப் பல்லால்தான் கடிப்பாள்.

முதல் நாள் அருங்காட்சியகத்தின் பட்டறையில் உட்கார்ந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"என்னங்க, இதுல உங்க பச்சைப் புள்ளி ஏதும் இருக்கா?"

"பாத்துட்டேன். ஒண்ணும் இல்ல."

"நல்லாப் பாத்தீங்களா?"

"என்னைப் பாத்தா இதைக் கேக்குற?"

அவள் சிரித்துவிட்டாள். அதுவும் சரிதானே, இந்த மனிதர் கண்ணில் படாமல் ஒரு புள்ளி தப்ப முடியுமா? கையுறையைக் கழற்றி ஓரமாக வைத்தாள். கையுறையோடு ஊசி பிடிக்க வராது.

நாலு மாதம் தைத்தாள். கோட்டின் உள்துணியைப் பிரித்தபோது மாவு போல ஏதோ மடியில் கொட்டியது. பழைய துணி அப்படித்தான் உதிரும் என்று தட்டிவிட்டாள். பதினொரு நூல்களையும் புதிதாகக் கட்டினாள். கட்டியது சரியா என்று பார்க்க ஆட்டிப் பார்த்தாள். ஆட்டிப் பார்த்தவளுக்கு அது பிடித்துப்போய்விட்டது. ஒரு மத்தியானம் இயக்குநர் பட்டறைக்குள் எட்டிப் பார்த்தபோது சுருட்டுக்காரர் மேசை மேல் நின்று சாவியைக் கிண்டலடித்துக்கொண்டிருந்தார்.

"ஏம்ப்பா சாவி, என் மூக்கை எத்தனை தடவைதான் துடைப்ப? தேஞ்சு சப்பை மூக்காயிட்டா எனக்கு எவன் பொண்ணு குடுப்பான்?"

இடது புருவம் தனியாக மேலே போயிற்று. இயக்குநர் விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணாடிப் பெட்டி யோசனை அந்த நிமிடமே கைவிடப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை தோறும் சாயங்காலம் நாலு மணிக்கு நடுக்கூடத்தில் காட்சி, ஆட்டுவது தையல்காரி என்று முடிவாயிற்று. எந்தக் கண்ணாடிக்காகப் பூட்ஸைத் துடைத்தாரோ, அந்தக் கண்ணாடி கடைசிவரை வரவேயில்லை.

குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்க்க அவள் முதல் தடவை ஊதியபோது காற்று போகவில்லை. வாயை நன்றாக வைத்து உறிஞ்சினாள், பிறகு கன்னம் உப்ப ஊதினாள். பொம்மையின் வாயிலிருந்து பொசுக்கென்று வெள்ளையாக ஒரு தூள் வந்து காற்றில் நின்றது.

"பாருங்க, நாடகக்காரங்க முகப்பவுடரைப் போட்டுத்தான் புகை விட்டிருக்காங்க! கில்லாடிங்க!" என்று இருமிக்கொண்டே சொன்னாள். கூடத்தில் நெருப்புக்கு அனுமதி கிடையாது. அதனால் அவளும் முகப்பவுடரையே போட்டாள். அன்றைக்கு இரவு நாக்கில் ஏதோ செம்பு ருசி அடிக்கிறது என்றாள். சாவி தம்ளரை இன்னொரு தடவை கழுவிக் கொடுத்தார்.

கூட்டம் நிஜமாகவே வந்தது. இருபது பேர் வந்து போன கூடத்தில் உட்கார இடமில்லை. ஒவ்வொரு காட்சியும் முடிகிறபோது தையல்காரி ஒரு குழந்தையை மேடைக்குக் கூப்பிடுவாள். ரப்பர் குழாயின் முனையைக் கைக்குட்டையால் துடைத்து அந்தக் குழந்தையிடம் கொடுப்பாள். குழந்தை ஊதும், சுருட்டுக்காரர் புகை விடுவார், கூடமே கைதட்டும். ஊதிய குழந்தை ஒரு நோட்டுப் புத்தகத்தில் தன் பெயரையும் வீட்டு விலாசத்தையும் எழுதிவிட்டு இறங்கும். அந்த நோட்டுக்கு உறை போட்டு வைத்திருந்தவர் சாவி.

நோட்டில் ஒரு பெயர் மட்டும் திரும்பத் திரும்ப வரும். அருங்காட்சியக வாசலுக்கு எதிரே சலவைக் கடை வைத்திருந்த பெண்ணின் மகள், ஆறு வயது, முன்பல் இரண்டும் விழுந்தவள். ஒரு ஞாயிறு தவறாமல் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பாள். வேறு குழந்தைகள் மேடையேறக் கூச்சப்படுகிற நாளில், "நான் வரேன் அத்தை!" என்று அவள்தான் ஓடி வருவாள். பல்லில்லாத வாயில் குழாய் வழுக்கும். சேர்த்துப் பிடித்துக்கொண்டு மற்றவர்களைவிட நீளமாக ஊதுவாள்.

காட்சி தொடங்கி எட்டாவது மாதம் தையல்காரிக்கு வயிறு கெட்டது. இன்றைக்குச் சரியாகும், நாளைக்குச் சரியாகும் என்று தள்ளிப்போட்டாள். பிறகு தலைமுடி சீப்போடு வந்தது. உள்ளங்கை சொரசொரத்துக் கறுத்தது. ஒரு நாள் காலையில் ஊசி விரலில் ஏறி ரத்தம் வந்துகொண்டிருக்க, அது தெரியாமலே அவள் பேசிக்கொண்டிருந்தாள். சாவிதான் துணியில் கறை பட்டதைப் பார்த்துக் கையைப் பிடித்தார்.

"வலிக்கலையா?"

"இல்லங்க. சாக்ஸ் போட்டுக்கிட்டு தொடுற மாதிரி இருக்கு."

சாவி அன்றைக்கே அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார். குடல் புண் என்றார்கள், மாத்திரை கொடுத்தார்கள். பத்து நாளில் தேறி, பழையபடி வாயடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அவளுக்குக் கை வரவில்லை என்பதால் சமையல், பாத்திரம், வீடு எல்லாவற்றையும் சாவியே எடுத்துக்கொண்டார். வேண்டாம் என்று சொல்லச் சொல்ல அவள் மறுபடி காட்சிக்குப் போனாள். "அந்தக் கிழவரை ஆட்டும்போது மட்டுந்தாங்க எனக்கு உடம்பு சொன்னபடி கேக்குது" என்றாள். மூன்று ஞாயிறு ஆட்டினாள். நாலாவது ஞாயிற்றுக்கிழமை மேடையிலிருந்து இறங்க முடியாமல் கால் மடங்கி உட்கார்ந்துவிட்டாள்.

இந்த முறை பார்த்தது வேறு டாக்டரம்மா. ஒரு பார்வையில் எதையோ பிடித்துக்கொண்டது போல நோயாளியின் நகங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ரத்தம், சிறுநீர், ஒரு கற்றை முடி எல்லாவற்றையும் சோதனைக்கு அனுப்பினார். மூன்றாம் நாள் சாவியைத் தனியாகக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"இவங்க உடம்புல பாஷாணம் இருக்கு. இன்னிக்கு நேத்து போனதில்ல, பல மாசமா கொஞ்சம் கொஞ்சமா போயிருக்கு. எங்கிருந்து போகுதுன்னு கண்டுபிடிச்சு நிறுத்தலைன்னா நான் என்ன மருந்து குடுத்தும் புண்ணியமில்ல. வீட்டுல எலி மருந்து வச்சிருக்கீங்களா?"

"இல்லம்மா."

"வேலை செய்யற இடம்? அருங்காட்சியகம்னு சொன்னீங்களே, பழைய பொருள்ல எல்லாம் இது போடுவாங்களே?"

"போடுவாங்கம்மா. ஆனா எங்க இடத்துல போட்டதுக்கெல்லாம் அடியில பச்சைப் புள்ளி இருக்கும். இவ தொட்டது ஒரே ஒரு பொம்மை. அதுல புள்ளி இல்ல. நானே பாத்தேன்."

முப்பத்தோரு வருட அனுபவத்தோடு ஒருவர் அடித்துச் சொன்னால் யார்தான் நம்ப மாட்டார்கள்? டாக்டரம்மா காகிதத்தில் எழுதியிருந்த ஏதோ ஒன்றின் மேல் கோடு போட்டார். பிறகு நிமிர்ந்து சாவியை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"வீட்டுல சமைக்கிறது யாரு?"

வெளியே பெஞ்சில் தையல்காரியின் அண்ணன், பஸ் ஓட்டுகிறவர், உட்கார்ந்திருந்தார். அவரையும் டாக்டரம்மா கேட்டிருக்க வேண்டும். சாவி வந்ததும் எழுந்து நின்றார்.

"ஆஸ்பத்திரியில இருந்தா நல்லா இருக்கா. வீட்டுக்கு வந்தா சாயறா. சோறு போடுறது நீங்க. இதுக்கு என்ன அர்த்தம் மாப்பிள்ளை?"

"மச்சான், என்ன பேசுறீங்க?"

"நான் ஒண்ணும் பேசல. நாளைக்குக் காலையில போலீஸ்ல பேசிக்கலாம். இன்னிலேருந்து என் தங்கச்சிக்கு நீங்க ஒரு வாய் தண்ணி குடுக்கக் கூடாது."

சாவி உள்ளே போய்க் கட்டிலருகில் நின்றார். தையல்காரி தூங்கிக்கொண்டிருந்தாள். போர்வைக்கு வெளியே அவள் கை கிடந்தது. பத்து நகத்திலும் குறுக்கே வெள்ளைக் கோடு. யாரோ சாக்கட்டியால் அளந்து கோடு போட்டது போல இருந்தது. இதே கோட்டை இதற்கு முன்னால் எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றியது. எங்கே என்று ஞாபகம் வந்தபோது கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். மருந்துக்காரரின் விரல்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து அருங்காட்சியகம் வரைக்கும் எப்படிப் போனார் என்று அவருக்கே தெரியாது. மூன்றாவது பரணின் சாவியை விரல் தானாகத் தேடிக்கொண்டது. நாடகக் குழுவின் மரப்பெட்டி அங்கேயேதான் கிடந்தது. அதில் இன்னொரு பொம்மை மிச்சம் இருந்தது. சுருட்டுக்காரரின் நாய், ஒரு கால் உடைந்தது, அதனால் யாரும் வெளியே எடுக்கவில்லை. இரண்டும் ஒரே நாளில் ஒரே பெட்டியில் வந்தவை. ஒன்றுக்கு மருந்து அடித்திருந்தால் மற்றொன்றுக்கும் அடித்திருப்பார்கள். சாவி நாயைத் திருப்பினார்.

இடது பின்னங்காலின் அடியில், சட்டைப் பொத்தான் அளவில், பச்சையாக ஒரு புள்ளி.

நாயின் அடியில் வேறு எந்தச் சாயத் தெறிப்பும் இல்லை. அந்தப் புள்ளி தனியாக, பளிச்சென்று, எப்போது வருவாய் என்று இத்தனை வருடமாக அவருக்காகவே காத்திருந்தது போல இருந்தது. அதே அளவு, அதே வட்டம், அதே பச்சை. சாவி தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுகைகூட வரவில்லை. வலது கையைத் தூக்கி முகத்துக்கு நேரே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு பட்டறைக்குப் போய், கையுறையும் முகமூடியும் போட்டுக்கொண்டு, சுருட்டுக்காரரைத் தலைகீழாகப் பிடித்துக் கறுப்புக் காகிதத்தின் மேல் உலுக்கினார். வாயிலிருந்து வெள்ளைத் தூள் கொட்டியது. முகப்பவுடரின் வாசனை அடித்தது. ஆனால் பவுடரோடு பவுடராக, அதைவிடக் கனமாக இன்னொன்றும் கிடந்தது. காகிதத்தை மடித்துக்கொண்டு, நாயையும் எடுத்துக்கொண்டு இயக்குநரின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னார்.

இயக்குநர் முகத்தில் ஈயாடவில்லை. எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினார்.

"சாவி, நல்லா யோசிச்சுப் பாருங்க. அந்தப் பூட்ஸுல புள்ளி இருந்துச்சுன்னு உங்களைத் தவிர யாருக்குத் தெரியும்? பொம்மையை உள்ள வச்சுப் பூட்டிடுவோம். இனிமே யாரும் தொடப்போறதில்ல. அம்மாவுக்கும் தானா சரியாயிடும். ஏற்கெனவே உங்க மச்சான் உங்க மேல சந்தேகப்படுறாருங்கறீங்க. இப்பப் போயி என் கையாலதான்னு நீங்களே சொன்னா, உங்க நிலைமை என்ன ஆகும்?"

அந்த மனிதர் கெட்டவர் இல்லை. பயந்தவர். சாவிக்கும் பயம் இல்லாமல் இல்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் நடந்தது என்னவென்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. ஒரு புள்ளி இருந்தது, இப்போது இல்லை. சுத்தமாகத் துடைத்தாயிற்று. முழுசாக ஒரு நிமிடம் அவர் அங்கேயே நின்றார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பிறகு இடுப்பிலிருந்து வளையத்தைக் கழற்றி மேசை மேல் வைத்தார். நாற்பத்தேழு சாவிகளும் ஒன்றாக விழுந்த சத்தத்தில் இயக்குநர் திடுக்கிட்டு நாற்காலியில் பின்னால் சாய்ந்தார்.

டாக்டரம்மாவிடம் காகிதத்தைக் கொடுத்து, மச்சான் முன்னாலேயே எல்லாவற்றையும் சொன்னார். மச்சான் கையை ஓங்கினார். ஓங்கிய கை பாதியிலேயே இறங்கியது. டாக்டரம்மா மருந்துச் சீட்டை எடுத்து வேகமாக எழுத ஆரம்பித்தார். உயிருக்கு ஆபத்தில்லாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார். விரல்களுக்கு உணர்ச்சி திரும்புமா என்று கேட்டதற்கு, தெரியாது என்றார்.

தையல்காரி கண் விழித்திருந்தாள். சாவி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அவள் நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை. முப்பது வருடக் குடித்தனத்தில் அவள் பேசாமல் கேட்ட முதல் கதை அதுதான்.

"நான் கேட்டேன்ல?" என்றாள் கடைசியில்.

"கேட்ட."

"நல்லாப் பாத்தீங்களான்னு ரெண்டாவது தடவையும் கேட்டேன்."

"கேட்டம்மா."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திட்டுவாள் என்று சாவி காத்திருந்தார். திட்டினால்கூடத் தேவலை என்று இருந்தது. சட்டென்று அவள் முழங்கையை ஊன்றி எழப் பார்த்தாள். கண் பெரிதாகியிருந்தது.

"என்னங்க... ஒவ்வொரு வாரமும் ஒரு பிள்ளைய ஊத விட்டேனே!"

சாவி நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"என்னை விடுங்க. நான் இங்க கிடப்பேன், பாக்க டாக்டர் இருக்காங்க. அந்த நோட்டை எடுங்க. அந்தப் பொக்கைவாய்ப் பாப்பா பேரு எத்தனை தடவை இருக்குன்னு பாருங்க. போங்க, ஏன் உக்காந்திருக்கீங்க? போங்க!"

நோட்டில் முப்பத்தெட்டு வரிகள் இருந்தன. அதில் பதினொன்று ஒரே கையெழுத்து, கோணல் மாணலாக, ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருந்திக்கொண்டே வந்த கையெழுத்து.

சலவைக் கடையில் அந்தப் பெண் இஸ்திரிப் பெட்டியைச் சட்டை மேல் ஓட்டிக்கொண்டிருந்தாள். சாவியைப் பார்த்ததும் சிரித்தாள்.

"வாங்கண்ணே! அண்ணி எப்படி இருக்காங்க? இவளும் ஒரு மாசமா அடிக்கடி வயித்து வலி, வயித்து வலிங்கறா. பள்ளிக்கூடம் போகாம இருக்கறதுக்கு நல்ல சாக்கு கிடைச்சிருக்கு."

துணி மூட்டைகளுக்கு நடுவில் படுத்திருந்த பாப்பா எழுந்து உட்கார்ந்தாள். முன்பல் ஒன்று பாதி முளைத்திருந்தது. "சுருட்டுத் தாத்தா வரலையா மாமா?" என்றாள்.

"வரலம்மா. உன் கையைக் கொஞ்சம் காட்டு."

குழந்தைகள் கை காட்டச் சொன்னால் காட்டுவது போல, இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து நீட்டினாள்.

"திருப்பிக் காட்டு கண்ணு."

திருப்பினாள். சின்னச் சின்ன நகங்கள், ஓரத்தில் அழுக்கு. அழுக்கைச் சாவி பார்க்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அது அவர் கண்ணில் படவே இல்லை. இரண்டு கட்டைவிரல் நகத்திலும், குறுக்கே, நூல் அளவுக்கு மெல்லியதாக ஒரு வெள்ளைக் கோடு இருந்தது.

"அது சத்துக் குறைச்சல்ணே," என்றாள் தாய், இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துக்கொண்டே. "பால் குடிடின்னா எங்க கேக்குறா? ஏண்ணே, எதுக்குக் கேக்குறீங்க?"

சாவி கடைப் படியில் உட்கார்ந்தார். நோட்டை மடியில் வைத்துக்கொண்டார்.

"முதல்ல அந்த சுவிட்சை அணைச்சுட்டு வா தங்கச்சி. இவளை இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். போற வழியில சொல்றேன். அந்தப் பொம்மையோட காலடியில ஒரு பச்சைப் புள்ளி இருந்துச்சு. அதை நான்தான் துடைச்சேன்."